பழைய ரப்பர் எங்கடா?

திருச்சி பாலக்கரையில் இருந்த அந்த ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, அதன்மேல் கவிந்த வேப்பமரம், தரையில் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம், சுவரோரம் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மர பெஞ்சு. 1979-இல் எனக்குப் பதினொரு வயது. அப்பா ஜவுளி வியாபாரி. ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் சரக்கெடுக்கப் போவதற்காகப் பழைய மார்க் 2 அம்பாசடர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வண்டி சர்வீஸுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். அந்த மர பெஞ்சுதான் என் இடம்.

மேஸ்திரி ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துத் தரையில் விரிப்பார். வண்டியிலிருந்து எது கழன்றாலும் அந்தச் சாக்குக்கு வரவேண்டும், கழன்ற வரிசைப்படி. போல்ட், வாசர், பழைய பிளக், பழைய ஃபில்டர் எல்லாம் இடமிருந்து வலமாகக் கிடக்கும். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். கடைசியில் மாற்றிப்போட்ட பழைய சாமான்கள் மட்டும் சாக்கில் மிச்சம் இருக்கும். அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்த வண்டியின் ஆயில் ஃபில்டர் இப்போதுள்ளது போலக் கையால் திருகிக் கழற்றுகிற டப்பா அல்ல. கிண்ணம் மாதிரி ஒரு கூடு, அதன் நடுவே நீளமாக ஒரு போல்ட், உள்ளே காகித ஃபில்டர். கூடு போய் உட்காரும் இடத்தில் வட்டமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் வளையம் பதிந்திருக்கும். எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து அந்த ரப்பர் இரும்போடு இரும்பாக ஒட்டிப்போகும். எண்ணெய்க் கறை படிந்துவிட்டால் ரப்பர் எது, இரும்பு எது என்று பார்வைக்குத் தெரியாது. மேஸ்திரி சட்டைப் பையில் குத்தி வைத்திருக்கும் ஊக்கை எடுத்து, அதன் முனையால் நெம்பி அதை வெளியே எடுப்பார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்து புது எண்ணெயும் ஊற்றியாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் கும்பகோணத்தில் கல்யாணம். அப்பா கையில் சாவியோடு நிற்கிறார். மேஸ்திரி சாக்கைப் பார்த்தார். பழைய ஃபில்டர் இருந்தது, நாலு பழைய பிளக்கும் இருந்தன.

“பழைய ரப்பர் எங்கடா?”

ஃபில்டர் மாட்டிய பையன் பேசாமல் நின்றான்.

“அவசரமா கிளம்பணும் மேஸ்திரி, ஒழுகுச்சுன்னா நாளன்னைக்கு வந்து பாத்துக்கலாமே” என்றார் அப்பா.

“ஒழுகுச்சுன்னா நாளன்னைக்கு வர்றதுக்கு வண்டி இருக்காது மொதலாளி.”

அவரே பள்ளத்தில் இறங்கினார். கூட்டைக் கழற்றியதும் புது எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. பழைய ரப்பர் பள்ளத்திலேயே இருந்தது, அதன்மேல் புதுசு உட்கார்ந்திருந்தது. பழையதை ஊக்கால் நெம்பி எடுத்துப் பையன் உள்ளங்கையில் வைத்தார். “பழசு கைக்கு வந்தாத்தான் புதுசு உள்ள போகணும், தெரிஞ்சுக்க” என்றார். மணி ஏழரை ஆகிவிட்டது. அப்பாவுக்கு அன்று கோபம்தான். எனக்கு அந்த வாக்கியம் மனசில் தங்கிவிட்டது.

நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆனபிறகு, ஜி.எஸ்.டி. சாலையில், மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது திரும்ப வந்தது.

முந்தின நாள்தான் காரை சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் குளிர்சாதன அறை, காபி இயந்திரம், தொலைக்காட்சி. கழுவித் துடைத்துப் பளபளவென்று வண்டி வந்தது, ஸ்டியரிங்மேல் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டோம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டியதுமே கருகின வாசனை. முன்னால் போகிற லாரியின் புகை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கு ‘எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஊருக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் விளக்கு அல்ல. எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பது அதன் பொருள். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் இருக்கிறது. அது அறுந்தால் இரும்போடு இரும்பு உரசி, சில நிமிஷங்களில் எஞ்சின் இறுகிப்போகும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போய் எஞ்சினையே இழந்தவர்கள் ஏராளம். விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மேஸ்திரி புண்ணியத்தில் எனக்கு அது தெரிந்திருந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தேன், பாதி வண்டி எண்ணெயில் நனைந்திருந்தது.

மதுராந்தகத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்தார். அடியில் படுத்து, ஃபில்டரைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்.

“சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பழைய ரப்பர் பிளாக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அது மேலயே புது ஃபில்டரை ஏத்திட்டாங்க.”

பாலக்கரையில் அந்தப் பையன் செய்த அதே தவறு. வண்டி மாறி, எஞ்சின் மாறி, ஃபில்டரின் வடிவமும் மாறிவிட்டது. ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்வதும் அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டுவதும் மட்டும் மாறவில்லை. அன்று அந்தத் தவறு ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. இன்று என் அம்மாவோடு சேர்ந்து நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அன்றும் இன்றும் இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

பழைய ஷெட்டைக் கோயிலாக்க நான் வரவில்லை. அங்கே நடந்த கொடுமைகளையும் கண்ணால் பார்த்தவன். பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு நின்றார்கள். தவறு செய்தால் ஸ்பேனர் பறந்து வரும். ஃபில்டர் மாட்டிய அந்தப் பையனின் நெற்றியில் அப்படி வந்த தழும்பு ஒன்று இருந்தது. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதித் தள்ளுவார்கள். அந்தக் காலத்து பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதன் தூசி நுரையீரலுக்கு எமன். ஜாக்கிக்குப் பதில் செங்கல் அடுக்கிய வண்டியின் அடியில் ஆள் படுத்திருப்பார். வடித்த எண்ணெய் நேரே சாக்கடைக்குப் போகும். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் என்ற சாமானை நான் அங்கே பார்த்ததே இல்லை, எல்லாம் கைப்பழக்கம்தான்.

வண்டியும் அடிக்கடி நின்றது. அம்பாசடருக்கு ஆயிரம் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பொறியைத் தூண்டும் பாயின்ட் தேயும், கார்புரேட்டரில் தூசி அடைக்கும், மலை ஏறினால் தண்ணீர் கொதிக்கும். டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் அப்பா ஊரைவிட்டுக் கிளம்பமாட்டார். இன்றைய கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் போதும். வண்டி பல மடங்கு நல்ல வண்டிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதுவரை போல்ட்டைக் கைவாகில் முடுக்கிப் பழகியவர்கள் அந்த எஞ்சினின் அலுமினியப் பாகங்களில் அதே பலத்தைக் காட்டி மரையைக் கழற்றினார்கள். “இதென்ன இரும்பா, அப்பளமா” என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, புதிய கார்களில் கார்புரேட்டர் போய் எரிபொருளைப் பீய்ச்சும் முறை நிலைத்தது. காதை வைத்து எஞ்சினின் குறையைச் சொன்ன மனிதரின் வித்தைக்கு வேலை குறைந்தது. ஸ்கேனர் வந்தது. மேஸ்திரி 2000-த்துக்குப் பிறகு டிராக்டர் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

தவறின் சுபாவமும் மாறியது. அன்று பெரும்பாலும் கணக்குத் தவறு. பாயின்ட் இடைவெளியைக் கொஞ்சம் கூடவோ குறைச்சலாகவோ வைத்துவிடுவார்கள். வண்டி திணறும், திரும்பக் கொண்டுபோனால் அரை மணியில் சரியாகிவிடும். இன்று அளவெல்லாம் தொழிற்சாலையிலேயே வைத்து வந்துவிடுகிறது, மெக்கானிக் தீர்மானிக்கவேண்டியது குறைவு. கழற்றியதைத் திரும்ப மாட்டுவதுதான் வேலையில் பெரும்பங்கு. அதனால் இன்றைய தவறுகளில் அதிகம் மறதித் தவறு, அவசரத் தவறு. எண்ணெய் வடிக்கும் சேம்பர் போல்ட்டைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனர் போட மறப்பது, அல்லது ஏர் கன்னை வைத்து அடித்து மரையையே அறுப்பது. எஞ்சின் அடித்தட்டுக்கு எட்டு கிளிப் என்றால் ஐந்து மாட்டுவது. தட்டு தொங்கிச் சாலையில் உரசும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துடைத்த துணியை விட்டுவிடுவது. கூலன்ட் மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் அனுப்புவது. பாதி வழியில் எஞ்சின் கொதிக்கும். சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரை மாட்ட மறப்பது.

சில தவறுகள் இந்தக் காலத்துக்கே உரியவை. சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்ற நீல மூடி போட்ட தனித் தொட்டி இருக்கிறது. அந்தக் கரைசல் தப்பித் தவறி டீசல் தொட்டிக்குள் போனால் உப்பாகப் படிந்து பம்ப்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். பின்சக்கர பிரேக்கில் மோட்டார் வைத்த கார்களில் ஸ்கேனரில் சர்வீஸ் முறைக்கு மாற்றாமல் பிஸ்டனைப் பழையபடி அழுத்தித் தள்ளினால் மோட்டார் போய்விடும். ஒரே டிரம்மிலிருந்து எல்லா வண்டிக்கும் எண்ணெய் பிடித்த காலம் போய்விட்டது. வண்டிக்கு வண்டி எண்ணெயின் தரம் வேறு, மாற்றி ஊற்றினால் டீசல் வண்டியின் கரி வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பிரேக். முன்சக்கர பிரேக் பேட் மாற்றும்போது, புதிய பேட் தடிமனாக இருப்பதால், கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் இடம் செய்ய முடியும். வேலை முடிந்ததும் பெடலை நாலைந்து தடவை மிதித்து, பிஸ்டனை வெளியே கொண்டுவந்து பேட்டோடு ஒட்டவைக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அதை மறந்துவிட்டால் முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அந்த முதல் மிதி சர்வீஸ் சென்டர் வாசலிலேயே விழுந்தால் அதிர்ஷ்டம், சாலையில் ஆள் குறுக்கே வரும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதவேண்டியதில்லை.

இவ்வளவும் ஏன் நடக்கிறது? பையன்களுக்குத் திறமை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் மேஸ்திரிக்குத் தெரியாததெல்லாம் தெரிகிறது. எரிச்சல் அடைந்து அந்த சென்டருக்குத் திரும்பப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒருவர் எண்ணெயை வடிக்கிறார். பாதியில் ஓர் அழைப்பு, அடுத்த வண்டிக்கு ஓடுகிறார். விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர்கிறார். முதல் ஆள் எதுவரை செய்தார் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் நேரமில்லை. சாயங்காலத்துக்குள் இத்தனை வண்டி என்று கணக்கு மேலே தொங்குகிறது. வண்டி கொடுக்கும்போது என்னிடம் சிரித்துப் பேசிய சர்வீஸ் அட்வைசர் அன்றைக்கு ஸ்பேனரைத் தொட்டவரில்லை. ஸ்பேனரைத் தொட்டவர் என்னைப் பார்த்ததே இல்லை.

அவர்கள் தங்கள் தவறை மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தையும் திருப்பித் தந்தார்கள். என் ஜாப் கார்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். சோதித்தவற்றின் பட்டியல் ஒரு பக்கம் நிறைய இருந்தது. ‘எண்ணெய்க் கசிவு’ என்ற வரிக்கு நேரே டிக். அதற்கு மேல் டிக், கீழே டிக். எல்லாம் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில், பேனாவை எடுக்காமல் போட்டவை. வண்டிக்கு அடியில் யாரும் குனியவில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் ஷெட்டில் ஜாப் கார்டு கிடையாது. ஆனால் பையன் முடுக்கிய ஒவ்வொரு முக்கிய நட்டிலும் மேஸ்திரி தன் ஸ்பேனரைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். ஒரு கை வேலை செய்யும், இன்னொரு கை சோதிக்கும். அதற்குப் பிறகு எஞ்சினை ஓடவிட்டு அடியில் பழைய பேப்பர் விரிப்பார். பேப்பரில் ஒரு சொட்டு விழாமல் இருந்தால்தான் சாவி அப்பா கைக்கு வரும். பிறகு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜங்ஷன் வரை ட்ரையல். தவறு நடந்தால் ‘மேஸ்திரி, என்னய்யா பண்ணி வச்சிருக்க’ என்று நாலு பேர் நடுவில் கேட்க ஆள் வந்து நிற்பார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு கை செய்ததை இன்னொரு கை சோதிக்கவேண்டும் என்ற பாடத்தை விமானத் துறை கொடுமையான முறையில் கற்றது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390-இன் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தை இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். முந்தின நாள் அதிகாலை அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்களில் 84 ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் ஒல்லியானவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவர் அனுபவசாலி, அந்த வேலைநேரத்தின் பொறுப்பாளரே அவர்தான். அவர் செய்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. அனுபவசாலிக்கும் இரண்டாவது கை வேண்டும்.

கார்த் தொழிற்சாலையிலேயே இதற்கு வழி இருக்கிறது. பாதுகாப்புக்கு முக்கியமான போல்ட்டைச் சரியான அளவில் முடுக்கியதும் அதன்மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார்கள். கோடு இல்லாத போல்ட் முடுக்காத போல்ட். சிறு கார்களின் சக்கர நட்டுக்கு ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை, வண்டிக்கு வண்டி அளவு உண்டு. டார்க் ரெஞ்ச் எல்லா சென்டரிலும் சுவரில் தொங்குகிறது. அதை எடுக்க ஒரு நிமிஷமும், இன்னொருவர் வந்து பார்க்க ஐந்து நிமிஷமும் கொடுத்தால் போதும். அந்த ஆறு நிமிஷத்தை வண்டியைக் கழுவும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பேன். என் பில்லில் இருபத்து மூன்று வரிகள் இருந்தன. நறுமணத் தெளிப்பானுக்குக்கூட ஒரு வரி. வேலை செய்தவர் பெயருக்கும் சோதித்தவர் பெயருக்கும் இடமில்லை.

அன்று சாலையோரத்தில் மதுராந்தகத்து மெக்கானிக் புது ஃபில்டரை மாட்டியதும், அதன் ரப்பரில் விரலால் எண்ணெய் தடவினீர்களா என்று அவரிடம் கேட்டேன். “தடவாம மாட்டுனா அடுத்த தடவை இதே மாதிரி ஒட்டிக்கும் சார்” என்றார். எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கூட வந்த பையனை அடியில் பார்க்கச் சொன்னார். பிறகு தானும் தார்ச்சாலையில் படுத்துப் பார்த்தார்.

வாசகர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சர்வீஸ் முடிந்து சாவி வாங்கியதும் பில்லைப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். வண்டியை நகர்த்துமுன் பிரேக்கை நாலு தடவை மிதியுங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வேலை செய்த தம்பியைக் கூப்பிடச் சொல்லி, பெயரைக் கேட்டு, இரண்டு வார்த்தை பேசுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். வண்டியில் யார் யார் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியட்டும். ஆயில் மாற்றியிருந்தால் பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லி, அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், வண்டியை எடுக்காதீர்கள்.